வார இறுதி முழுக்க மேட்ச்: முடியும் நேரத்தை வைத்துத் திட்டம் போடுவது எப்படி

2019 ஜூலை 14, ஞாயிறு. லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி, விம்பிள்டனில் ஜோகோவிச்–ஃபெடரர் இறுதி, சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீ. லண்டன் நேரப்படி கிரிக்கெட் காலை 10:30, டென்னிஸ் பிற்பகல் 2:00, கார் பந்தயம் 2:10. அட்டவணையை வைத்துப் பார்த்தால் கிரிக்கெட் மாலை 6:15-க்கு முடிய வேண்டும், டென்னிஸ் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. டென்னிஸ் ஐந்தாவது செட்டில் 12–12 வரை போய், டைபிரேக்கரோடு 4 மணி 57 நிமிடம் ஓடியது. கிரிக்கெட் 241-க்கு 241 என்று சமனாகி சூப்பர் ஓவருக்குப் போனது. இரண்டின் கடைசிக் கட்டமும் மாலை 7 மணியை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தன.

வார இறுதித் திட்டம் குலைவது பெரும்பாலும் இப்படித்தான். மேட்ச் எப்போது தொடங்கும் என்பதை எல்லாரும் குறித்து வைக்கிறார்கள், எப்போது முடியும் என்பதை யாரும் குறிப்பதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை இரவு ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு மேட்சுக்கும் மூன்று நேரங்களை எழுதுங்கள்: தொடக்கம், வழக்கமான முடிவு, மிகத் தாமதமான முடிவு. தவறவே விடக்கூடாத மேட்சுக்கு முன்னால் வேறொன்றை வைக்கும்போது, அந்த முந்தைய மேட்சின் மூன்றாவது நேரத்தைப் பார்த்து வையுங்கள். மற்றவற்றுக்கு இரண்டாவது நேரமே போதும்.

எது எவ்வளவு நேரம் ஓடும்

ஆட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தால் கணக்கு எளிதாகும். கடிகாரத்தால் முடிபவை, எண்ணிக்கையால் முடிபவை, தூரத்தால் முடிபவை.

கடிகாரத்தால் முடிபவற்றில் கால்பந்துதான் நம்பிக்கையானது. 45, 45, நடுவில் 15 நிமிடம், இரு பாதிகளிலும் கூடுதல் நிமிடங்கள். 2 மணி நேரம் ஒதுக்கினால் சரியாக இருக்கும். ஆனால் காயம், விஏஆர் (வீடியோ பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்ப்பது) என்று நின்ற நேரத்தை நடுவர்கள் இப்போது கறாராகச் சேர்க்கிறார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையில் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தின் இரண்டு பாதிகளிலும் சேர்த்து 20 நிமிடத்துக்கு மேல் கூடியது. நாக் அவுட் ஆட்டமென்றால் 30 நிமிடக் கூடுதல் நேரம், பெனால்டி ஷூட்அவுட் எல்லாம் சேர்த்து 3 மணி நேரம் எழுதுங்கள். ரக்பிக்கு 2 மணி நேரம். கபடிக்கு 20, 20 நிமிடப் பாதிகள், 5 நிமிட இடைவேளை, ரிவ்யூக்கள் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இரண்டு பெரிய ஆட்டங்களுக்கு நடுவில் செருகுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது.

அடிக்கடி கடிகாரத்தை நிறுத்தும் ஆட்டங்கள்தான் ஏமாற்றும். என்பிஏ கூடைப்பந்தில் ஆட்ட நேரம் 48 நிமிடம், உட்கார வேண்டியது இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரம். அமெரிக்கக் கால்பந்தில் 60 நிமிட ஆட்டத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் லீக்கான என்எஃப்எல்லின் ஞாயிறு அட்டவணையைப் பாருங்கள்: அமெரிக்கக் கிழக்கு நேரப்படி முதல் வரிசை 1:00 மணிக்கு, அடுத்தது 4:05-க்கும் 4:25-க்கும். முதல் ஆட்டங்கள் 3 மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தே லீக் அப்படி இடம் விட்டிருக்கிறது. உங்கள் தாளிலும் அதே இடைவெளி இருக்க வேண்டும்.

எண்ணிக்கையால் முடிபவற்றில் டி20-க்கு மூன்றரை மணி நேரம், பாதுகாப்பாக 4. ஒருநாள் ஆட்டத்துக்கு 8. டெஸ்ட் ஒரு நாளுக்கு 90 ஓவர், மூன்று இரண்டு மணி நேர அமர்வுகள், 40 நிமிட மதிய உணவு, 20 நிமிடத் தேநீர், ஓவர் மீதமிருந்தால் இன்னும் அரை மணி. ஆக ஏழரை மணி நேரம். அமெரிக்க பேஸ்பால் லீக்கில் 2023-இல் பிட்ச் கிளாக் (பந்து வீசுவதற்கு நேர வரம்பு) வந்த பிறகு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் 2 மணி 40 நிமிடத்தை ஒட்டி முடிகிறது. ஆனால் சமனானால் மேல்வரம்பு இல்லை. 2018 உலகத் தொடரின் (அந்த லீக்கின் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், 7 மணி 20 நிமிடம் போனது.

கிரிக்கெட்டில் மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஐபிஎல் இறுதி மே 28 ஞாயிறன்று நடக்க வேண்டியது. அன்று ஒரு பந்துகூட வீசவில்லை. திங்கள் இரவு தொடங்கி, மீண்டும் மழை வந்து, 15 ஓவரில் 171 என்ற இலக்கோடு செவ்வாய் அதிகாலையில்தான் சென்னை வென்றது. ஒரே மேட்ச், மூன்று தேதிகள். மழை வந்ததும் வர்ணனையில் இரண்டு விஷயங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள்: எந்த நேரம் வரை ஓவர் குறையாது, குறைந்தபட்ச ஆட்டத்துக்கான கடைசி நேரம் எது. டி20-இல் முடிவு கிடைக்க இரண்டாவதாக ஆடும் அணி குறைந்தது 5 ஓவராவது ஆடியிருக்க வேண்டும், ஒருநாள் ஆட்டத்தில் 20. இந்த இரண்டு நேரமும் தெரிந்துவிட்டால், காத்திருப்பதா வேறு மேட்சுக்குப் போவதா என்று தைரியமாக முடிவெடுக்கலாம். ரிசர்வ் நாள் உண்டா என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள். 2019 உலகக் கோப்பையின் இந்தியா–நியூசிலாந்து அரையிறுதி ஜூலை 9-இல் தொடங்கி 10-ஆம் தேதிதான் முடிந்தது.

கணிக்கவே முடியாதது டென்னிஸ். மூன்று செட் ஆட்டம் ஒன்றேகால் மணி நேரத்திலும் முடியும், மூன்று மணி நேரமும் ஓடும். ஐந்து செட் என்றால் 2 முதல் 5 மணி நேரம். 2010 விம்பிள்டனில் இஸ்னர்–மஹூ ஆட்டம் 11 மணி 5 நிமிடம், மூன்று நாள் நடந்தது. 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட் 6–6 ஆனால் 10 புள்ளி டைபிரேக்கர் என்பதால் அந்த அளவுக்கு இனி நீளாது. ஆனாலும் ஒரு கோர்ட்டில் ஆட்டங்கள் வரிசையாக நடக்கும். நீங்கள் காத்திருக்கும் வீரரின் ஆட்டம் அன்று மூன்றாவது என்றால், முன்னால் உள்ள இரண்டும் முடிந்தால்தான் அது தொடங்கும். ஆட்ட வரிசை முந்தைய நாள் மாலைதான் வெளியாகும். அதில் ‘இந்த நேரத்துக்கு முன் தொடங்காது’ என்று போட்டிருந்தால், உறுதியாகத் தெரிவது அது மட்டும்தான். தொடங்கும் நேரமாக அதைப் படித்துவிடாதீர்கள்.

தூரத்தால் முடிபவை பெரும்பாலும் சொன்ன நேரத்துக்குள் அடங்கும். ஃபார்முலா 1 பந்தயம் 305 கிலோமீட்டர் (மொனாக்கோ மட்டும் 260), சாதாரணமாக ஒன்றரை மணி நேரம். ஓட்ட நேரத்துக்கு 2 மணி நேர வரம்பு, சிவப்புக் கொடி காட்டிப் பந்தயம் நிறுத்தப்பட்ட நேரத்தையும் சேர்த்தால் 3 மணி நேர வரம்பு. 2011 கனடா பந்தயம் மழையால் 4 மணி நேரத்தைத் தாண்டிய பிறகு முதலில் 4 மணி நேர வரம்பு வந்தது, 2021-இல் அது 3 ஆனது.

நேரத்தை மாற்றும்போது நடக்கும் பிழைகள்

மைதானத்து நேரத்தை நேராக உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றி, பிறகு ஒரே தடவையாக உங்கள் நேரத்தைக் கூட்டுங்கள். நான்கு நாட்டு ஆட்டங்கள் இருக்கும்போது இந்த ஒரு பழக்கம் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

மார்ச்சிலும் அக்டோபர்–நவம்பரிலும் தனிக் கவனம் தேவை. அமெரிக்காவில் கடிகாரம் மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னேறும், நவம்பர் முதல் ஞாயிறு பின்வாங்கும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நடுவில் உள்ள வாரங்களில் நியூயார்க்–லண்டன் வித்தியாசம் 5 மணி நேரத்துக்குப் பதில் 4. மாற்றம் ஞாயிறு அதிகாலையில் நடப்பதால், ஒரே வார இறுதியில் சனிக்கிழமைக்கு ஒரு கணக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு கணக்கு. போன வாரம் பார்த்த அதே நேரத்துக்கு டிவியைப் போட்டால் முதல் பாதி முடிந்திருக்கலாம், இல்லை ஆட்டமே தொடங்கியிருக்காது.

இன்னொரு பிழை நள்ளிரவில் நடக்கும். ‘ஞாயிறு 12:30’ என்று அட்டவணையில் இருந்தால், பின்னிரவுதானா என்று பாருங்கள். அப்படியென்றால் சனிக்கிழமை இரவு தூங்கப் போகும் முன் வருவது அது. தாளில் ‘சனி இரவு 24:30’ என்று எழுதிவிட்டால் தவறவே தவறாது.

ஒளிபரப்புத் தொடக்கமும் ஆட்டத் தொடக்கமும் வேறு. சேனல் அட்டவணையில் வரும் நேரம் பெரும்பாலும் முன்னோட்ட நிகழ்ச்சியின் நேரம். குத்துச்சண்டை, கலப்புத் தற்காப்புக் கலை நிகழ்ச்சிகளில் இந்த இடைவெளி மிகப் பெரிது. முதன்மை வரிசை தொடங்கி இரண்டு, இரண்டரை மணி நேரம் கழித்தே முக்கியச் சண்டை வரும். அலாரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

எதை லைவ், எதை ரெக்கார்டிங்

ஒரு நாளைக்கு இரண்டு மேட்சை மட்டும் ‘கட்டாயம் லைவ்’ என்று குறியுங்கள். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றையும் அரைகுறையாகத்தான் பார்ப்பீர்கள். மற்றவற்றை ரெக்கார்டிங், ஹைலைட்ஸ் என்று பிரியுங்கள்.

ரெக்கார்டிங்கில் சிறப்பாக வருபவை இடைவெளி நிறைந்த ஆட்டங்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டத்தில் பந்து உண்மையில் நகரும் நேரம் சுமார் 11 நிமிடம்தான் என்பதால், தள்ளித் தள்ளிப் பார்த்தால் 3 மணி நேரம் ஒன்றரைக்குள் அடங்கிவிடும், இழப்பதும் குறைவு. கால்பந்தில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, அரை நேர இடைவேளை மட்டுமே மிச்சம். முடிவு தெரிந்துவிட்டால் அதன் சுவையும் போய்விடும். ஆகவே கால்பந்தும் கிரிக்கெட்டும் மோதினால், கால்பந்தை லைவாகப் பார்த்துவிட்டு டி20-ஐத் துரத்திப் பிடியுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.

துரத்திப் பிடிப்பதற்குக் கணக்கு உண்டு. டி20-இல் இன்னிங்ஸ் இடைவேளை 20 நிமிடம். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 38 ஓவர் இடைவெளிகள். இடைவெளிக்கு முக்கால் நிமிடம் தள்ளினால் கிட்டத்தட்ட 28 நிமிடம். ரிவ்யூ, தண்ணீர் இடைவேளை எல்லாம் சேர்த்து 50 நிமிடம் மிஞ்சும். முதல் பந்து வீசி 50 நிமிடம் கழித்து ரெக்கார்டிங்கைத் தொடங்கினால், கடைசி ஓவரில் லைவைத் தொட்டுவிடலாம். அதற்கும் தாமதமாகத் தொடங்கினால், லைவைப் பிடிக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்.

அந்த ஜூலை 14-ஐ இதே முறையில் அடுக்கிப் பாருங்கள். கிரிக்கெட் இறுதி கட்டாய லைவ். திட்டப்படி முதல் இன்னிங்ஸ் 2:00 மணிக்கு முடிந்து 2:45 வரை இடைவேளை. பந்தயத்தின் 2:10 தொடக்கமும் முதல் சில சுற்றுகளும் அதற்குள் வந்துவிடும். ஃபார்முலா 1-இல் அதிகம் மாறுவது அங்கேதான். மீதிப் பந்தயம் ரெக்கார்டிங்குக்கு. டென்னிஸ் சத்தமில்லாமல் இரண்டாவது திரையில். நான்காவது செட் முடிந்து 2–2 ஆனதும், அதன் மிகத் தாமதமான முடிவு கிரிக்கெட்டின் முடிவோடு மோதும் என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த நொடியில் டென்னிஸ் ரெக்கார்டிங் ஓடுகிறதா, முடிவு நேரம் நீட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்திருந்தால் இரண்டு காவியமும் கைக்குள்.

ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்க வேண்டும் என்றே விதி உள்ள நாட்களும் உண்டு. உலகக் கோப்பைக் கால்பந்தில் 1982-இல் மேற்கு ஜெர்மனி–ஆஸ்திரியா ஆட்டம், மற்ற ஆட்டத்தின் முடிவு தெரிந்த நிலையில் ஆடப்பட்டு அவப்பெயர் வாங்கியது. 1986 முதல் குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில்தான். பிரீமியர் லீக் கடைசி நாளில் பத்தும் ஒன்றாகத் தொடங்கும். இந்த நாட்களில் ஒரே மேட்சைப் பிடித்து உட்காராதீர்கள். கோல் விழும் இடத்துக்கெல்லாம் தாவும் நிகழ்ச்சி இருந்தால் பெரிய திரைக்கு அதுவே சரி.

ரெக்கார்டிங் கடைசி ஓவரில் நின்றுபோகாமல்

செட்டாப் பாக்ஸ் அட்டவணை நேரத்தில் நின்றுவிடும், ஆட்டம் நிற்காது. தொடக்கத்துக்கு முன் 5 நிமிடம், முடிவுக்குப் பின் குறைந்தது 60 நிமிடம் சேருங்கள். டென்னிஸ், மழை நாள் கிரிக்கெட், நாக் அவுட் கால்பந்துக்கு 120. நிமிடத்தைக் கூட்டும் வசதி இல்லாவிட்டால் அதே சேனலில் அடுத்து வரும் இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பதியுங்கள். ஆட்டம் நீண்டால் சில நேரம் வேறு சேனலுக்கு மாற்றுவார்கள். அந்த நிறுவனத்தின் இரண்டாவது சேனலிலும் அந்த ஒரு மணி நேரத்தைப் பதிந்து வைப்பது நல்லது. பாக்ஸில் இடம் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமையே பாருங்கள். நிரம்பினால் சில பாக்ஸ்கள் பழையதை அழிக்கும், சில புதியதைப் பதியாமல் விட்டுவிடும்.

நீளமாகப் பதிவதில் இன்னொரு நன்மை: முடிவு முன்கூட்டியே தெரியாது. பதிவு ஆட்டத்தோடு முடிந்தால், நேரக்கோட்டில் 6 நிமிடமே மிச்சம் என்பதைப் பார்த்ததும் சூப்பர் ஓவர் இல்லை என்று புரிந்துவிடும்.

முடிவு கசிவது பெரும்பாலும் கைப்பேசியில்தான். ஸ்கோர் ஆப், செய்தி ஆப் இரண்டின் நோட்டிபிகேஷனையும் அணையுங்கள், நண்பர்கள் குழுவை மியூட் செய்யுங்கள், கைக்கடிகாரம் இணைந்திருந்தால் அதையும். ஸ்ட்ரீமிங் ஆப்பின் முகப்புப் படமே வெற்றிக் கொண்டாட்டத்தைக் காட்டிவிடும். அதனால் ரீப்ளேயின் பக்கத்தை முன்பே ‘பார்க்க வேண்டியவை’ பட்டியலில் சேர்த்து வைத்து நேராக அங்கே போங்கள்.

லைவ் ஸ்ட்ரீமிங்கிலும் இதே தொல்லை உண்டு. வீடியோ சுமார் 6 விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது, பிளேயர் மூன்று துண்டுகளாவது கையிருப்பு வைத்துத்தான் ஓட்டும். அதுவே 18 விநாடி, குறியாக்கமும் சேர்ந்தால் அரை நிமிடம் பின்னால் போவது சாதாரணம். நெட் வேகத்தைக் கூட்டினாலும் இந்தத் தாமதம் போகாது. டிஷ் அல்லது கேபிளில் வரும் மேட்சை ஸ்ட்ரீமில் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சத்தம் உங்கள் கோலுக்கு முன்னால் வரும்.

திரையும் நெட்டும்

ஒரு 1080 ஸ்ட்ரீம் விளையாட்டுக்கு 8 எம்பிபிஎஸ் எடுக்கும் என்று வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி. பத்து மணி நேரம் ஒரு திரைக்கு 36 ஜிபி. இரண்டு திரை, இரண்டு நாள் என்றால் 144. டேட்டா வரம்பு உள்ள இணைப்பில் இரண்டாவது திரையைத் தரம் குறைத்து வையுங்கள். 4கே ஸ்ட்ரீமுக்குத் தனியாக 25 எம்பிபிஎஸ் ஒதுக்குங்கள். பெரிய டிவியை லேன் கேபிளில் இணைப்பது எந்த ரூட்டர் மாற்றத்தையும்விடப் பலன் தரும். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. கணக்கு ஒன்றில் எத்தனை திரை அனுமதி என்பதையும் பாருங்கள். பெனால்டி நேரத்தில் வீட்டில் இன்னொருவர் திறந்து உங்கள் திரை அணைவது வெறும் அமைப்புப் பிழைதான். ஆப் அப்டேட், லாகின், கடவுச்சொல் எல்லாம் வெள்ளிக்கிழமையே முடியட்டும்.

பந்து திக்கித் திக்கி நகர்ந்தால் நெட்டைக் குறை சொல்லும் முன் ஒன்றைச் சோதியுங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு விநாடிக்கு 50 படங்கள், பல ஸ்ட்ரீமிங் பெட்டிகள் 60-இல் வெளியிடும். இரண்டும் ஒட்டாததால் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது நடுக்கம் தெரியும். பெட்டியின் அமைப்பில் ‘படவேகத்தைப் பொருத்து’ என்பதை இயக்கினால் சரியாகிவிடும். ஸ்போர்ட்ஸ் மோட் வேண்டாம். பல டிவிகளில் அது புல்லை நியான் பச்சையாக்கும், முகங்களைச் சிவப்பாக்கும்.

பல டிவிகள் 4 மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தாமாக அணையும். அந்த அமைப்பை வார இறுதிக்கு நிறுத்துங்கள்.

நடுவில் உடம்பு

இடைவேளைகள்தான் உங்கள் நேரம்: கால்பந்தில் 15 நிமிடம், டி20-இல் 20, டெஸ்டில் 40. சாப்பாடு, நடை, குளியல் எல்லாம் இவற்றில் அடங்க வேண்டும். அதனால் சமையல் வேலையை முந்தைய நாளே முடித்துவிட்டு, இடைவேளையில் சூடாக்குவதை மட்டும் வையுங்கள். பின்னிரவு மேட்ச் இருந்தால் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு எழுவது, விழித்தே காத்திருப்பதைவிட நல்லது. காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கடைசிக் கோப்பையை மேட்ச் தொடங்கும்போதே குடியுங்கள், இரண்டாம் பாதியில் குடித்தால் முடிந்த பிறகு தூக்கம் வராது. இரவு 3 மணி மேட்சுக்கு ஒரு அலாரம் போதாது. தொடக்கத்துக்கு 20 நிமிடம் முன்பு ஒன்று, 5 நிமிடம் முன்பு ஒன்று, இரண்டாவது கைக்கு எட்டாத தூரத்தில்.

ஞாயிறு இரவு முடிந்ததும் ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்க வேண்டாம், ரிமோட்டில் மட்டும் அணையுங்கள். இரண்டு நாளும் ஒரே மூலையில் ஸ்கோர் பட்டை நின்றிருக்கும். காத்திருப்பு நிலையில் இருக்கும்போதுதான் டிவி தன் பிக்சல்களைச் சீர்செய்யும் சுற்றை ஓட்டும். மின்சாரம் இல்லாவிட்டால் அது நடக்காது. நோட்டிபிகேஷன்களை மட்டும் இன்னும் திறக்காதீர்கள், பார்க்காத ரெக்கார்டிங் ஒன்று பாக்ஸில் இருக்கும்வரை.